ஜாவாஸ்கிரிப்ட் மேல் ஒரு கணக்கு மொழி: எது கசியலாம், எது கசியக் கூடாது

கடலூர் ஓ.டி.யிலோ புதுச்சேரி தேங்காய்த்திட்டிலோ மீன் ஏலக் கணக்கு எழுதும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும், எல்லோருக்கும் ஒரே ஆப் எழுதிக் கொடுக்க முடியாது என்று புரிந்துவிடும். ஒருவர் கூடை எடையைக் கழித்துவிட்டுத் தொகை போடுவார். அடுத்தவர் தொகை போட்ட பிறகு ஐஸுக்கு ஒரு கழிவு வைப்பார். தரகு ஒருவருக்கு ஒரே விகிதம், இன்னொருவருக்குத் தொகையைப் பொறுத்து மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புரோகிராமரைத் தேடி ஓடாமல் கணக்குப்பிள்ளையே விதியைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றால் அவர் படிக்கக்கூடிய ஒரு சின்ன மொழி வேண்டும். அது அவர் போனில் நெட் இல்லாமலும் ஓட வேண்டும். அப்படியானால் கம்பைலர் (ஒரு மொழியில் எழுதிய நிரலை இன்னொன்றாக மாற்றும் கருவி) ஜாவாஸ்கிரிப்டாக மாற்றிக் கொடுப்பதுதான் நேர்வழி. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் பிரவுசர் எல்லாப் போனிலும் இருக்கிறது.

இப்படி ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போகும் கம்பைலர் எழுதுபவர்கள் முதலில் உட்காருவது இலக்கணத்தில். அங்கேதான் நேரம் அதிகம் வீணாகிறது. இலக்கணத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தவே முடியாமல் போவது, இலக்கு மொழியின் (மாறிப் போய்ச் சேரும் மொழி, இங்கே ஜாவாஸ்கிரிப்ட்) குணங்களில் எவை நம் மொழிக்குள் கசிகின்றன என்பது. பத்துப் பேர் விதி எழுதிவிட்ட பிறகு வகுத்தலின் பொருளை மாற்ற முடியாது.

மொழி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு துண்டு:

```
எடை = 37.5கிலோ
விலை = 240ரூ
தொகை = எடை * விலை
தொகை > 5000ரூ என்றால்
    கழிவு = தொகை * 5 / 100
இல்லையென்றால்
    கழிவு = தொகை * 6 / 100
முடி
தொகை - கழிவு காட்டு
```

விடை 8,550 ரூபாய். விகிதங்கள் உதாரணத்துக்கு வைத்தவை.

கசிவுப் பட்டியல்

இலக்கணத்துக்கு முன்னால் ஒரு தாளில் இலக்கு மொழியின் குணங்களை எழுதுங்கள்: எண், வகுத்தல், சமம், உண்மை-பொய், எழுத்துச் சரத்தின் நீளம், வரிசைப்படுத்தல், இல்லாத மதிப்பு, பெயரின் எல்லை, எது முதலில் கணக்கிடப்படும் என்ற வரிசை, ஓடும்போது வரும் பிழை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் மூன்றில் ஒரு முடிவு: அப்படியே விடுவது, கம்பைல் நேரத்திலேயே தடுப்பது, ரன்டைமில் (நிரல் ஓடும்போது) மாற்றுவது.

மூன்றுக்கும் விலை வேறு. அப்படியே விட்டால் செலவு இல்லை, ஆனால் அந்த நடத்தை இனி உங்கள் மொழியின் பொறுப்பு. ரன்டைமில் மாற்றினால் ஒவ்வொரு கூட்டலும் ஒரு ஃபங்ஷன் (பெயர் வைத்த சிறு நிரல்) அழைப்பாகி, வெளிவரும் கோட் படிக்க முடியாததாகிவிடும். நடுவில் இருப்பதுதான் மலிவு. ஜாவாஸ்கிரிப்டில் "5" என்ற எழுத்தோடு 3-ஐக் கூட்டினால் "53" வரும். கழித்தால் 2 வரும். எழுத்தையும் எண்ணையும் கலக்க முடியாதபடி டைப் (மதிப்பின் வகை) சரிபார்ப்பு தடுத்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது, வெளிவரும் நிரலில் ஒரு எழுத்துகூட அதிகமாகாது. உண்மை-பொய்யும் அப்படித்தான். காலிப் பட்டியல் பைத்தான் மொழியில் பொய், ஜாவாஸ்கிரிப்டில் உண்மை. நிபந்தனையில் ஒப்பீடு மட்டுமே வரலாம் என்று சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் சேர வேண்டியதில்லை.

பழைய மொழிகளைப் பார்த்தாலும் இந்தக் கணக்குதான் தெரிகிறது. சி++ தொடக்கத்தில் சிஃப்ரண்ட் என்ற கம்பைலர் வழியாக சி மொழியாகத்தான் மாறியது. எக்ஸெப்ஷன் (பிழை நேர்ந்தால் ஓட்டத்தை வேறு இடத்துக்குத் தாவவிடும் வசதி) வந்தபோது அந்த வழி அடைபட்டது, சிஃப்ரண்ட் 4.0 முயற்சி 1993-ல் கைவிடப்பட்டது. சி-யில் இல்லாத ஓட்டத்தை சி-யாகவே எழுதிக் காட்டுவது அவ்வளவு கடினம். 2012-ல் வெளியான டைப்ஸ்கிரிப்ட் எதிர்த்திசையில் போனது: டைப்புகளை அழித்துவிட்டால் மிச்சம் இருப்பது ஜாவாஸ்கிரிப்ட். அந்த ஒழுங்கை மீறிய எனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் தொகுப்பு), நேம்ஸ்பேஸ் (namespace, பெயர்களைத் தொகுத்து வைப்பது) போன்ற சில அம்சங்கள்தான் இன்றைக்கும் தொல்லை. டைப்பை மட்டும் உரித்துவிட்டு நேரே ஓட்டும் வசதி நோட்.ஜேஎஸ்ஸில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) வந்தபோது இவை வெளியே நின்றன. இவற்றைப் பயன்படுத்தவே கூடாது என்று தடுப்பதற்கு டைப்ஸ்கிரிப்ட் 5.8-ல் தனி ஆப்ஷன் வைக்க வேண்டி வந்தது. இலக்கு மொழியிலிருந்து விலகும் ஒவ்வொரு இடத்துக்கும் யாரோ ஒருவர் பல வருடம் கழித்தும் செலவு செய்கிறார்கள். எங்கள் மொழியில் உண்மையான விலகல் மூன்றே இடத்தில்: பணம், எடை, பட்டியல் வரிசை.

பணம்

ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் எல்லாமே 64 பிட் மிதவைப் புள்ளி எண், பல தசமங்களைத் தோராயமாகத்தான் வைத்திருக்கும். 4.35 ரூபாயைப் பைசாவாக்க 100-ஆல் பெருக்கினால் 434.99999999999994 வரும். தசமத்தை வெட்டினால் 434. ஒரு பைசா போச்சு. 1.005-ஐ இரண்டு தசமத்துக்குச் சுருக்கச் சொன்னால் 1.00 தருகிறது. ஏலக் கணக்கில் ஒரு பைசா பெரிய விஷயம் இல்லை. ஆனால் தாளில் போட்ட கூட்டலும் போனில் வந்த கூட்டலும் ஒத்துவரவில்லை என்றால் அன்றோடு போனை ஓரமாக வைத்துவிடுவார்கள்.

தீர்வு: பணத்தைப் பைசாவாகவும் எடையைக் கிராமாகவும் முழு எண்ணில் வைப்பது. மேலே உள்ள கணக்கில் 37,500 கிராம், கிலோவுக்கு 24,000 பைசா. பெருக்கினால் 90 கோடி, 1000-ஆல் வகுத்தால் 9,00,000 பைசா. ரூபாயில் 9,000.

இதில் பலரும் தவறவிடும் இடம் லெக்ஸர், அதாவது நிரலைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் பகுதி. மூல நிரலில் உள்ள 4.35ரூ என்பதை முதலில் மிதவைப் புள்ளி எண்ணாக்கிவிட்டுப் பிறகு நூறால் பெருக்கினால், மேலே சொன்ன பைசா அங்கேயே தொலைந்துவிடும். எழுத்தாகவே வைத்துப் புள்ளியில் பிரிக்க வேண்டும்: இடப்பக்கம் 4, வலப்பக்கம் 35, இரண்டையும் ஒட்டினால் 435. வலப்பக்கம் ஒரே இலக்கம் இருந்தால் ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும். மூன்று இலக்கம் இருந்தால் பிழை என்று சொல்லிவிட வேண்டும், ரவுண்டு செய்யக் கூடாது. திரையில் தட்டும் பெட்டியிலிருந்து வரும் எண்ணும் எழுத்தாகத்தான் வரும். அதற்கும் இதே ஃபங்ஷன்.

ரவுண்டு செய்யும் வேலை வகுத்தலில் மட்டும், ரன்டைமில் ஒரே ஒரு ஃபங்ஷனில். அரைப் பைசா வந்தால் மேலே போவதா, கீழே போவதா என்பது அங்கே ஒரு வரி. மீதி காணும் குறிக்கும் ஒரு எச்சரிக்கை: -7-ஐ 3-ஆல் வகுத்த மீதி ஜாவாஸ்கிரிப்டில் -1, பைத்தானில் 2. திரும்பி வந்த சரக்கைக் கழித்தல் குறியோடு எழுதுபவர்கள் உண்டு. எதிர்மறை எண்ணுக்கு மீதி கேட்டால் பிழை என்று நிறுத்திவிடுவது நல்லது.

பெரிய எண்ணுக்குத் தனி வகை தேவையா என்று உடனே கேட்பார்கள். துல்லியம் கெடாமல் இருக்கும் மிகப் பெரிய முழு எண் 9007199254740991. பைசாவில் அது சுமார் 90 லட்சம் கோடி ரூபாய். பெருக்கலின் நடுவில் வரும் எண்ணையும் பார்க்க வேண்டும்: 10 டன் சரக்கு, கிலோ 1,000 ரூபாய் என்றால் ஒரு கோடி கிராம் பெருக்கல் ஒரு லட்சம் பைசா, அதாவது 1-க்குப் பின் 12 பூஜ்யம். எல்லைக்கு வெகு தூரம். பிக்இன்ட் என்ற அந்தத் தனி வகை வேண்டியதில்லை.

டைப் சரிபார்ப்புக்கு இங்கே கூலி கிடைக்கிறது. கிலோ பெருக்கல் ரூபாய் சரி. ரூபாய் பெருக்கல் ரூபாய் பிழை. ரூபாயோடு கிலோவைக் கூட்டினால் பிழை. ஓடும்போது இவை வெறும் முழு எண்கள். அலகு கம்பைலர் மூளையில் மட்டும்.

வினை கடைசியில் வரும் இலக்கணம்

தமிழில் நிபந்தனை முன்னால், "என்றால்" பின்னால். இதற்குப் பார்சர் (லெக்ஸர் பிரித்த சொற்களின் அமைப்பைக் கண்டுபிடிக்கும் பகுதி) எழுதுவது கடினம் என்று ஒரு பேச்சு உண்டு. கடினம் இல்லை. வரியின் தொடக்கத்தில் ஒரு கோவையை ("எடை * விலை" போன்ற கணக்குத் துண்டு) படித்துவிட்டு, அடுத்த டோக்கனை (லெக்ஸர் பிரித்த சொல் அல்லது குறி) பார்த்து முடிவெடுத்தால் போதும். "என்றால்" வந்தால் நிபந்தனை, "வரை" வந்தால் சுழல், "காட்டு" வந்தால் அச்சு, "=" வந்தால் இடப்பக்கம் ஒற்றைப் பெயர்தானா என்று பார்த்து ஒதுக்கீடு. ஒவ்வொரு இலக்கண விதிக்கும் ஒரு ஃபங்ஷன் என்று கையால் எழுதிய ரிகர்சிவ் டிசென்ட் பார்சரே போதும். குறிகளின் முன்னுரிமைக்கு, ஒவ்வொரு குறிக்கும் ஒரு பலம் கொடுத்துப் படிக்கும் பிராட் முறை.

உதைப்பது பிழைச் செய்தியில். வினை முன்னால் வரும் மொழியில் முதல் சொல்லைப் பார்த்ததுமே பார்சருக்கு இது நிபந்தனை என்று தெரியும். நம் இலக்கணத்தில் "என்றால்" விடுபட்டால், வரி முடியும் வரை அது என்ன வரி என்றே தெரியாது. அதோடு நிற்காது: கீழே வரும் "இல்லையென்றால்" அனாதை, "முடி" அனாதை, ஒரு தவறுக்கு மூன்று பிழை. இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ஒரு கோவை மட்டும் தனியாக நிற்கிறது, அதன் மேல்மட்டக் குறி ஒப்பீடு என்றால், "இந்த வரியின் கடைசியில் 'என்றால்' விடுபட்டதா?" என்று ஒரே ஒரு பிழை சொல்லிவிட்டு, அது இருந்ததாகவே வைத்து மேலே படித்துக்கொண்டு போக வேண்டும்.

"இல்லையென்றால்" என்பதைச் சேர்த்தும் எழுதுவார்கள், "இல்லை என்றால்" என்று பிரித்தும் எழுதுவார்கள். பிரித்து எழுதினால் லெக்ஸருக்கு அது இரண்டு டோக்கன். இரண்டையும் பார்சரில் ஏற்றுக்கொள்ளுங்கள். கட்டாயப்படுத்தினால் தினம் பத்துப் பேர் அதே பிழையில் விழுவார்கள். "எனில்" என்பதையும் ஏற்கலாம். ஃபார்மேட்டர் ஒன்று எழுதி, சேமிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால் குழப்பம் சேராது.

வேற்றுமை உருபு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். "எடையை 2-ஆல் வகு" என்று எழுத விடலாமே என்று ஆசை வரும். எடை-எடையை எளிது. மரம்-மரத்தை, ஆறு-ஆற்றை, காடு-காட்டுக்கு என்று போனால் கம்பைலருக்குள் ஒரு சொல்லிலக்கணமே எழுத வேண்டிவரும். அது தவறாகப் பிரிக்கும் நாளில் தப்புக் கணக்கு சத்தமில்லாமல் ஓடும். உருபைப் பரிந்துரைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்: "எடையை என்ற பெயர் இல்லை, எடை என்று எழுத நினைத்தீர்களா?" ஏற்றுக்கொள்ளாதீர்கள். பெயருக்கு நடுவில் இடைவெளி விடுவதும் அப்படியே. போன் கீபோர்டில் அடிக்கோடு தேடுவது எரிச்சல்தான். அதற்கு எடிட்டரின் மேல் ஒரு பட்டன் வைத்தால் தீர்ந்தது.

கண்ணுக்கு ஒன்று, கம்பைலருக்கு வேறு

தமிழ்ப் பெயர்களை ஜாவாஸ்கிரிப்ட் அப்படியே ஏற்கும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் பெயருக்குள் வரலாம். ஆனால் அது பெயர்களை நார்மலைஸ் செய்வதில்லை, அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்குவதில்லை. பைத்தான் 3 செய்யும். இந்த வித்தியாசம் கணக்கையே கெடுக்கும்.

"தொகை" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறி ஒரே குறியாக (யூனிகோடில் பதின்ம எண் 3018) வரலாம். எகரக் குறியும் (3014) காலும் (3006) தனித்தனியாகச் சேர்ந்தும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்று. ஜாவாஸ்கிரிப்டுக்கு இரண்டு வேறு பெயர்கள். ஆகவே கோப்பைப் படித்ததும் முதல் வேலை யூனிகோடின் என்எஃப்சி முறையில் நார்மலைசேஷன், லெக்ஸருக்கும் முன்னால்.

அதற்குப் பிறகும் மிச்சம் உண்டு. ஔகாரத்துக்கு ஒகரத்தின் பக்கத்தில் ளகரத்தைத் தட்டியிருந்தால் என்எஃப்சி சரிசெய்யாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. கால் போட வேண்டிய இடத்தில் ரகரம், ககரத்துக்குப் பதில் ௧ என்ற தமிழ் எண் என்று நிறைய வரும். ஒத்த தோற்றம் உள்ளவற்றை ஒரே எழுத்தாக்கி ஒரு நிழல் பெயர் செய்து, இரண்டு பெயர்களின் நிழல் ஒன்றானால் எச்சரிக்கை கொடுங்கள்.

கண்ணுக்கே தெரியாதவை அடுத்தது. அகலமில்லா இணைப்பான் (8205), பிரிப்பான் (8204) இரண்டையும் ஜாவாஸ்கிரிப்ட் பெயருக்குள் அனுமதிக்கிறது. வாட்ஸ்அப்பிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ ஒட்டிய நிரலில் இவை ஒளிந்து வரும். உடையா இடைவெளி (160), கோப்பின் தலையில் பைட் வரிசைக் குறி (65279), வளைந்த மேற்கோள் குறி எல்லாம் வரும். தமிழுக்கு இணைப்பானையும் பிரிப்பானையும் நீக்கிவிடலாம். ஆனால் புதுச்சேரிக்குள் மாஹேயும் ஏனாமும் இருக்கின்றன. சாவிச்சொல் அட்டவணையை மாற்றி மலையாளத்திலும் தெலுங்கிலும் இதே மொழியைக் கொடுக்கலாம் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். இலக்கணம் பெரும்பாலும் தாங்கும், வினை அங்கேயும் கடைசியில்தான். நீக்கும் விதி தாங்காது. மலையாளச் சில்லெழுத்துகள் (உயிர் சேராத மெய்யின் தனி வடிவங்கள்) 2008-ல் யூனிகோட் 5.1-ல் தனி எழுத்தாயின. அதற்கு முந்தைய முறையில் அவை இணைப்பானோடுதான் எழுதப்படும். இரண்டையும் என்எஃப்சி ஒன்றாக்காது. இணைப்பானை வெட்டினால் சொல்லே சிதையும். அதனால் நீக்கும் விதியை மொழிவாரியாக வையுங்கள்.

பெயர் விஷயத்தில் கடைசியாக அறிவிப்பு, அதாவது ஒரு பெயரைப் புதிதாக உண்டாக்குவது. 2009-ல் வந்த, ஜாவாஸ்கிரிப்டாக மாறும் காஃபிஸ்கிரிப்ட் மொழியில் மதிப்பு கொடுத்தாலே மாறி (வேரியபிள்) பிறந்துவிடும். உள் ஃபங்ஷனில் அதே பெயரை எழுதினால் வெளியே உள்ளது மாறிவிடும். சுருக்கமாக இருக்கிறது என்று ரசித்தவர்கள் பிறகு பட்ட பாடு தெரிந்ததுதான். எங்கள் விதி: "=" புதிதாகப் பெயர் வைக்கும், ":=" இருப்பதை மாற்றும். ஒரே பாதையில் ஒரே பெயருக்கு இரண்டு முறை "=" வந்தால் பிழை. அறிவிக்காத பெயருக்கு ":=" வந்தாலும் பிழை. கைதவறிக் "கழிவு" என்பது "கழிவி" ஆனால் அங்கேயே பிடிபடும். மேலே உள்ள துண்டில் "கழிவு" இரண்டு கிளைகளுக்குள் பிறந்து வெளியே பயன்படுகிறது. ஜாவாஸ்கிரிப்டின் தொகுதி எல்லைப்படி அது வெளியே தெரியாது. எனவே கம்பைலர் அறிவிப்பை மேலே தூக்கி வைக்க வேண்டும். எல்லாக் கிளையிலும் மதிப்பு கிடைத்ததா என்றும் சரிபார்க்க வேண்டும். ஒரு கிளையில் விட்டுப்போனால் பிழை.

நிரலை எழுத்தாக ஒட்டாதீர்கள்

வெளிவரும் ஜாவாஸ்கிரிப்டை எழுத்துச் சரங்களாக ஒட்டிச் செய்வது முதல் நாள் வேகமாக இருக்கும். பிறகு இப்படி வரும்: பயனர் கழிவின் எதிர்மறைக்கு எதிர்மறை எடுக்கிறார். நீங்கள் ஒரு "-" ஒட்டி, அதன் பின் "-கழிவு" ஒட்டுகிறீர்கள். வெளியே வருவது

```
--கழிவு
```

ஜாவாஸ்கிரிப்டில் இது கழிவில் ஒன்றைக் குறைக்கும் கட்டளை. பிழையே வராது, மதிப்பு மட்டும் மாறும். வர வேண்டியது -(-கழிவு). அடுக்குக்குறியில் வேறு கதை: -2 ** 2 பைத்தானில் -4, ஜாவாஸ்கிரிப்டில் இலக்கணப் பிழை, அடைப்புக்குறி இட்டே ஆக வேண்டும்.

இலக்கு மொழியின் மரத்தை (நிரலின் அமைப்பைக் கிளைகளாக வைப்பது) கட்டி, முன்னுரிமை தெரிந்த ஒரே பிரின்டர் (மரத்தை நிரலாக எழுதும் பகுதி) வழியாக மட்டும் எழுதுங்கள். அடைப்புக்குறி எங்கே என்று முடிவெடுப்பது அந்த ஒரே இடம். அரைப்புள்ளியை எல்லா வரியிலும் போடுங்கள். அடைப்புக்குறியில் தொடங்கும் வரி மேல்வரியோடு ஒட்டிக்கொள்ளும் சங்கடம் போகும்.

கம்பைலருக்குத் தற்காலிகப் பெயர்கள் தேவைப்படும். $1, $2 என்று வைத்துவிடுங்கள்: டாலர் குறி ஜாவாஸ்கிரிப்ட் பெயரில் வரலாம், நம் லெக்ஸர் அதை ஏற்காது, எனவே மோதலே கிடையாது. ஆங்கிலப் பெயர் எழுதுபவர் டெலிட், கிளாஸ் என்று வைத்தால் வாலில் ஒரு டாலர் ஒட்டிவிடுங்கள்.

நிபந்தனையை மதிப்பாகப் பயன்படுத்தவும் அனுமதித்தால் (கழிவு = ... என்றால் ... இல்லையென்றால் ...) எச்சரிக்கை தேவை. உடனே கூப்பிடும் ஃபங்ஷனுக்குள் போட்டு மூடுவது எளிய வழி. அதற்குள் "திருப்பு", "நிறுத்து" போன்றவை வந்தால் தவறான இடத்திலிருந்து வெளியேறும். தற்காலிக மாறியை மேலே ஏற்றுவது மேல். ஏற்றும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். கூட்டலின் வலப்பக்கத்தை மட்டும் மேலே ஏற்றினால், இடப்பக்கத்து ஃபங்ஷன் அதற்குப் பிறகு ஓடும். இடப்பக்கத்தையும் ஒரு தற்காலிகப் பெயரில் பிடித்து வைக்க வேண்டும். "மற்றும்" என்பதன் வலப்பக்கத்தை ஏற்றினால், இடப்பக்கம் பொய்யானாலும் அது ஓடிவிடும். அங்கே ஏற்றுவதற்குப் பதில் முழு நிபந்தனையாகவே பிரித்து எழுத வேண்டும்.

பெயரும் மதிப்புமாக வைக்கும் அகராதிக்கு ஜாவாஸ்கிரிப்டின் வெறும் ஆப்ஜெக்டைத் தொடாதீர்கள், அதிலேயே உள்ள மேப் என்ற வகை போதும். ஆப்ஜெக்டில் முழு எண் போன்ற சாவிகள் எப்போதும் ஏறுவரிசையில் முதலில் வரும். 12-ம் எண் கூடைக்குப் பிறகு 7-ம் எண் கூடை ஏலம் போயிருந்தால், சிட்டையில் 7 முன்னால் வந்துவிடும். மேப் சேர்த்த வரிசையைக் காக்கும். எண்களை வரிசைப்படுத்தும்போது ஒப்பீட்டு ஃபங்ஷன் கொடுக்காவிட்டால் எழுத்தாக ஒப்பிட்டு 10-ஐ 9-க்கு முன் வைக்கும். மீன் பெயரை வரிசைப்படுத்த யூனிகோட் எண்ணை நம்பினால் ளகரம் ழகரத்துக்கு முன் வரும், னகரம் பகரத்துக்கு முன் வரும். ஜாவாஸ்கிரிப்டில் உள்ள இன்ட்ல் கொலேட்டர் என்ற வரிசைப்படுத்தும் கருவி, தமிழுக்கு என்று கேட்டால் அகரவரிசையில் தரும்.

பிழை எந்த வரியில்

பயனர் பார்க்கும் பிழை அவர் எழுதிய வரியைக் காட்ட வேண்டும், வெளிவந்த ஜாவாஸ்கிரிப்டின் வரியை அல்ல. அதற்கு சோர்ஸ் மேப் (வெளிவந்த இடத்தை மூல நிரலின் இடத்தோடு இணைக்கும் கோப்பு), மூன்றாம் பதிப்பு. மேப்பிங்ஸ் என்ற நீண்ட சரத்தில் ஒவ்வொரு வெளி வரிக்கும் அரைப்புள்ளி, ஒவ்வொரு துண்டுக்கும் காற்புள்ளி. துண்டில் நான்கு எண்கள்: வெளிப் பத்தி (வரியில் எத்தனையாவது இடம்), மூலக் கோப்பு, மூல வரி, மூலப் பத்தி. எல்லாமே முந்தைய துண்டிலிருந்து வித்தியாசம்தான். வெளிப் பத்தி மட்டும் ஒவ்வொரு வரியிலும் பூஜ்யத்துக்குத் திரும்பும், மற்றவை திரும்பாது. மூல வரியையும் பூஜ்யமாக்கிவிடும் பிழை மிகச் சாதாரணம். அறிகுறி, முதல் வரி சரியாகக் காட்டி மற்றதெல்லாம் தாறுமாறாக இருக்கும்.

பத்தியை எந்த அலகில் எண்ணுகிறோம் என்பது தமிழில் உடனே வெளிப்படும். "தொகை" கண்ணுக்கு இரண்டு எழுத்து, யூனிகோடில் நான்கு குறி, யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 12 பைட். ஜாவாஸ்கிரிப்ட் உலகம் யுடிஎஃப்-16 அலகில் எண்ணுகிறது, அதாவது நான்கு. கம்பைலரை ரஸ்ட் மொழியிலோ கோ மொழியிலோ எழுதி பைட் எண்ணிக்கையை அப்படியே கொடுத்தால், ஒரு சொல் தாண்டுவதற்குள் எட்டு பத்தி தள்ளிப் போய்விடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

பிழைக்கு அடியில் ^ குறி போட்டுக் காட்டும் வழக்கத்தை விட்டுவிடலாம். டெர்மினலுக்கு டெர்மினல் தமிழ் எழுத்தின் அகலம் மாறுவதால் குறி எங்கோ நிற்கும். வரியைக் காட்டி, தவறான சொல்லை மேற்கோளில் மறுபடி எழுதுவது தெளிவு. எழுத்து எண்ணிக்கை பயனருக்குக் காட்ட வேண்டியிருந்தால், சரத்தைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரிக்கும் இன்ட்ல் செக்மென்டர் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது. குரோமில் 2020 முதல், ஃபயர்ஃபாக்ஸில் 2024-ல்தான் வந்தது. பழைய போனை மனதில் வைத்து அது இல்லாத நிலைக்கும் வழி வையுங்கள்.

சோதனை, கொண்டு சேர்த்தல்

வெளிவரும் நிரலை அப்படியே சேமித்து ஒப்பிடும் சோதனைகள் அளவோடு இருக்கட்டும். பிரின்டரில் ஒரு இடைவெளி மாறினால் எல்லாக் கோப்பும் சோதனையில் தோற்றுச் சிவப்பாகும், அப்புறம் யாரும் பார்க்காமலே "சரி" தட்டுவார்கள். ஓட்டி விடையை ஒப்பிடும் சோதனைகளே அதிகம் வேண்டும். பிரின்டருக்கு என்று தனியாக ஒன்று: கண்டபடி கோவை மரங்களை உருவாக்கி, அச்சிட்டு, ஜாவாஸ்கிரிப்ட் பார்சரால் திரும்பப் படித்து, மரம் மாறாமல் வந்ததா என்று பார்ப்பது. அடைப்புக்குறிப் பிழைகளை இதைவிட வேகமாகப் பிடிக்கும் வழி தெரியவில்லை. தவறான நிரல்களுக்கும் ஒரு அடைவு வையுங்கள். எதிர்பார்க்கும் பிழைச் செய்தி, வரி எண் இரண்டையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

ரன்டைம் (நிரலோடு கூடவே ஓடும் உதவி ஃபங்ஷன்கள்) சின்னதாக, வெளிவரும் கோப்புக்குள்ளேயே இருக்கட்டும். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அங்கே தனியாகத் திறந்து ஓட வேண்டும். தலையில் கம்பைலர் பதிப்பு எண்ணை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். போன மாதக் கணக்கு இன்று வேறு விடை தருகிறது என்று கேள்வி வரும்போது முதலில் பார்ப்பது அதுதான்.

கமென்ட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். லெக்ஸரிலேயே அடுத்த டோக்கனோடு கட்டி வைத்து, அச்சிடும்போது அதே வரிக்கு மேலே எழுதுங்கள். தமிழ்ப் பெயர்களும் அப்படியே மாறாமல் போகட்டும். காஃபிஸ்கிரிப்டை விட்டு வெளியேறியவர்களுக்கு, அதை ஜாவாஸ்கிரிப்டாக்க டீகேஃபினேட் என்று ஒரு தனிக் கருவியே தேவைப்பட்டது. கம்பைலர் தரும் கோட் பெயரும் கமென்ட்டுமாகப் படிக்கும்படி இருந்தால், மொழியை நிறுத்த வேண்டிய நாளில் வெளிவந்த ஜாவாஸ்கிரிப்டையே மூல நிரலாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம்.